ஒன்பது பெட்டி மூடி

மிக்ஸ் பாக்ஸ்

பேக்கிங் செக்‌ஷனில் நான் சேர்ந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே திட்டு வாங்கினேன்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கார்களுக்கான பிரேக் பாகங்களைச் செய்கிறது. லைனிலிருந்து வரும் பாகங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. அன்றைக்கு ஒரு பெட்டியில் பெரிய பாகம் ஆறு வைத்தேன். மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. பக்கத்து மேஜையில் சின்னப் பாகங்கள் கிடந்தன. இடத்தை வீணாக்குவானேன் என்று அதில் நான்கை எடுத்துச் சொருகினேன். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது குடத்துக்குள் சொம்பு, சொம்புக்குள் டம்ளர் என்றுதானே வைத்து அனுப்புவோம். அந்தக் கைப்பழக்கம்.

அப்போதைய சூப்பர்வைசர் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"இன்னாமா இது, சீர்வரிசையா அனுப்பறே? ஒரு பெட்டின்னா ஒரு பார்ட்டுதான். கலந்து வெச்சா அது மிக்ஸ் பாக்ஸ். அத்த நம்பிகினு இருக்கற கஸ்டமர் லைன் நின்னுடும்."

இரண்டாவது பாடம் மறுநாள் கிடைத்தது. ஒரு பாகம் இன்னொன்றோடு உரசக் கூடாது. உரசினால் கீறல். கீறல் விழுந்தால் ரிஜெக்ட்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். கழனி வேலை தெரியும், சமையல் தெரியும், முருகனைத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாமல் உள்ளே வந்தவளுக்குக் கம்பெனி இந்த இரண்டு வேதத்தையும் சொல்லிக் கொடுத்தது. இரண்டையும் சாமி வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன். பதினேழு வருஷத்தில் என் கையால் ஒரு மிக்ஸ் பாக்ஸ் போனதில்லை. ஹெல்ப்பராக இருந்து லைன் லீடர் ஆனது அதனால்தான். வீட்டில் பருப்பு டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டிவிட்டேன். "நாளைக்கு என் நெத்தியில ஒட்டப் போறா" என்று வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் சொல்வார்.

போன பங்குனியில் ரிடையர் ஆனேன். புதிதாகப் பேக்கிங்கில் சேருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். சரியாகச் செய்த பெட்டிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தப்பாகச் செய்த ஒரு லாரியைப் பற்றி எழுதுகிறேன்.

சப்பாத்தி பிரேம்

எங்கள் கேன்டீனில் பிரேம் என்று ஒருவர். நேபாளத்துக்காரர். எட்டு வருஷமாகச் சப்பாத்திக் கல்லுக்கு முன்னால் நின்றவர். இங்கே சேரும்போது அவருக்கு முப்பது வயசு இருக்கும். ஊரில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். தமிழை எங்கள் ஊர் ஆட்களிடம் கற்றுக்கொண்டதால் "கீது", "இன்னா" என்று எங்களைவிட நன்றாகவே பேசுவார்.

நான் கிருத்திகைக்கு விரதம் இருப்பேன். முதல் வருஷமே அதைக் கவனித்துவிட்டார். அந்த நாளில் நான் தட்டு எடுக்காமல் போனால் ஜன்னல் வழியாக இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் நீளும்.

"இன்னிக்கு அக்காவுக்கு சாமி நாள். எனக்குத் தெரியும்."

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு எங்களோடு வல்லக்கோட்டைக்கு வந்தார். கோயில் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாக்கா, முருகன் மலைமேல இருப்பாருன்னு சொன்னே. இவரு தரையில இருக்காரு?"

"எங்க ஊரு ஜனங்களுக்கு மூட்டு வலின்னு எறங்கி வந்துட்டாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

பிரேம் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊருக்கும் ஒருத்தர எறங்கி வரச் சொல்லணும். எங்க வூட்டுக்குப் போகணும்னா பஸ்ஸை விட்டு மூணு மணி நேரம் ஏறணும்."

நேபாளத்தில் பூமி அதிர்ந்த செய்தி கேன்டீன் டிவியில்தான் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். திரையில் இடிந்த ஊர்களைக் காட்டினார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிரேம் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். போன் பக்கத்தில் இருந்தது. எத்தனை முறை போட்டும் லைன் கிடைக்கவில்லையாம்.

"வுடு பிரேம், நீ போய் உக்காரு. வேற யாராவது பாத்துக்குவாங்க."

"வேணாம்க்கா. கை நின்னா மனசு ஓடிப்போயிடும்."

ஷிஃப்ட் முடியும்வரை தேய்த்தார். அன்றைக்கு ஆயிரம் பேர் சாப்பிட்ட சப்பாத்தி ஒன்றுகூடக் கருகவில்லை. மறுநாள் ரயில் ஏறினார். ரயிலுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். வல்லக்கோட்டை விபூதிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். குடும்பம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார்.

கீறல் இல்லாத லாரி

ஒரு வாரத்தில் கம்பெனியில் எல்லோரும் ஒரு நாள் சம்பளம் கொடுத்தோம். நிர்வாகமும் போட்டது. அதில் சாமான் வாங்கினார்கள். குண்டான், மூடி, தட்டு, டம்ளர், போர்வை, தார்ப்பாய், கயிறு, சோப்பு, டார்ச். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு லாரி அனுப்பலாம், இரண்டுக்கு மேல் முடியாது என்று நிவாரண அமைப்பு சொல்லிவிட்டது. எல்லை வரை லாரி. அங்கிருந்து அவர்களே ஜீப்பில் மேலே ஏற்றுவார்கள். பிரேமின் ஊர்ப் பக்கத்துக்கே கொடுங்கள் என்று எங்கள் டெஸ்பாட்ச் மேனேஜர் ராஜசேகர் சார் கேட்டு வாங்கினார்.

"கஸ்தூரிம்மா, பேக்கிங் உங்க பொறுப்பு" என்றார் என்னிடம். "எக்ஸ்போர்ட் பேக்கிங் மாதிரி இருக்கணும்."

இருந்தது. குண்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரு பெட்டி. மூடியில் குமிழ் இருக்கிறது, குண்டானோடு வைத்தால் உரசிக் கீறல் விழும் என்று மூடிக்குத் தனிப் பெட்டி. தட்டு தனி. போர்வை தனி. கயிறு தனி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே சாமான், சரியான எண்ணிக்கை, நேரான லேபிள், நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்ட்ராப். தூக்கிக் குலுக்கினால் சத்தம் வராது.

என் டீமில் முத்துலட்சுமி என்று தென்காசிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். வாய்க்காரி. மூடிப் பெட்டியை ஒட்டும்போது சொன்னாள்:

"எக்கா, இவ்வளவு பாந்தமா எங்க அம்மகூட எனக்குச் சாமான் கட்டித் தரல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. லாரி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். சூடம் ஏற்றினேன். முருகா, ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்துக் காலைக் கூட்டத்தில் ராஜசேகர் சார் ஒரு மெயிலைப் படித்தார். லாரி எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு பெட்டிகூட நசுங்கவில்லை என்று. "ஸீரோ டேமேஜ்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். இரண்டாவது லாரிக்கான பெட்டிகளும் அதே மாதிரி கட்டி, ஒட்டி, அடுக்கித் தயாராக இருந்தன.

டீ பிரேக்கில் வந்த போன்

இரண்டாவது லாரிக்கு ஒரு நாள் இருந்தது. மறுநாள் பகல் இரண்டு மணிக்கு லோடிங். காலை ஒன்பதரைக்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன்.

"அக்கா, பிரேம்."

டம்ளரைப் பக்கத்தில் வைத்தேன்.

"எப்பா, நல்லா இருக்கியா? அம்மா?"

"அம்மா இருக்காங்க. பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்க. வூடு இல்ல. பரவால்ல, நாங்க இருக்கோம். ஊர்ல நாலு வூட்ல ஆளே இல்ல, அக்கா."

"முருகா" என்று மட்டும் சொன்னேன். அவரே பேசினார்.

"நம்ம கம்பெனி பெட்டி வந்துச்சு. லேபிள்ல உன் கையெழுத்து பாத்தேன். எல்லார்க்கும் காட்டினேன், இது எங்க அக்கா கட்டினதுன்னு."

"வந்துடுச்சா! இன்னா இன்னா வந்துச்சு?"

காற்று இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சொல்லு பிரேம்."

"மூடி வந்துச்சுக்கா."

"மூடியும் வந்துச்சா, சரி, குண்டான்?"

"குண்டான் கீழ் ஊருக்குப் போயிடுச்சு. ரோடு முடியற எடத்துல பெட்டிய எண்ணிப் பிரிச்சாங்க. அந்த ஊருக்கு இத்தினி, இந்த ஊருக்கு இத்தினி. எங்களுக்குப் பதினாலு பெட்டி. தூக்கிகினு மூணு மணி நேரம் ஏறி வந்து பிரிச்சோம். அஞ்சு பெட்டி கயிறு. ஒன்பது பெட்டி மூடி."

மூடிக்குத் தனிப் பெட்டி போட்டது நான்தான்.

"தார்ப்பாய்?"

"இல்லக்கா. ஆனா கயிறு நல்ல கயிறு."

அந்த மனிதர் என்னைச் சமாதானப்படுத்துகிறார்! மழை வேறு பிடித்துவிட்டதாம். கயிறு கட்டினார்கள், அதன்மேல் போட ஒன்றும் இல்லை. மேலே இன்னொரு முறை சாமான் வருமா என்று மெதுவாகக் கேட்டார். இன்னும் ஒரே ஒரு லாரி, நாளைக்குக் கிளம்புகிறது என்றேன்.

"அப்ப அது போதும்" என்றார். அதற்குள் கட்டாகிவிட்டது.

அந்த லாரியின் பெட்டிகள் எனக்கு எதிரில்தான் பேலட் பலகைகள்மேல் இருந்தன. எல்லாம் அதே மாதிரி. குண்டான் தனி, மூடி தனி, தார்ப்பாய் தனி.

உண்மையை எழுதுகிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. பிரேம் யாரிடமும் சொல்ல மாட்டார். மெயிலில் ஸீரோ டேமேஜ் என்று இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் என் முகம் சிரிக்கிறது. இந்த முறையாவது அதிர்ஷ்டத்தில் அவர் ஊருக்குத் தார்ப்பாய்ப் பெட்டி போகாதா என்று மனசு சமாதானம் தேடியது. தலைநிமிர்ந்து பார்த்தால் எதிரே சுவரில் கம்பெனி சாமி படம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஆபீஸுக்குப் போனேன்.

சர்வீஸ் கிட்

ராஜசேகர் சார் நான் சொன்னதைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு லோடிங். நூத்தி நாப்பது பெட்டியப் பிரிக்கணும்னு சொல்றீங்க."

"பிரிக்கணும் சார்."

"லைன நிறுத்த முடியாது. ஓவர்டைம் குடுக்க முடியாது. பேக்கிங் லிஸ்ட், கேட் பாஸ் எல்லாம் ரெடி. எல்லையில ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள என்னன்னு லிஸ்ட் கேப்பாங்க. கலந்து போட்டா நூத்தி நாப்பது லிஸ்ட் யார் எழுதறது?" குரல் ஏறியது. "முதல் லாரியிலயே ஏன் தோணல உங்களுக்கு? நீங்க வூட்டுல சமைக்கறவங்கதானே!"

அது சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்வி.

"தோணல சார். பார்ட்டுன்னுதான் நெனச்சேன். ஒருத்தர் வூட்டு சாமான்னு நெனைக்கவே இல்ல."

அவர் ஜன்னல் வழியாகப் பேலட்டுகளைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த முத்துலட்சுமி உள்ளே தலையை நீட்டினாள். ஒட்டுக் கேட்பதற்கு அவளுக்கு வெட்கம் கிடையாது.

"சார், நாம சர்வீஸ் கிட் போடுதோம்லா? போல்ட்டு, வாஷர், கேஸ்கெட்டு எல்லாத்தையும் ஒரே பெட்டில. அத எவனும் மிக்ஸ் பாக்ஸுங்க மாட்டான்லா? ஒரு வீட்டுக்கு ஒரு கிட்டுன்னு போட்டா எல்லாப் பெட்டியும் ஒண்ணுபோல இருக்கும். லிஸ்ட்டும் ஒண்ணே ஒண்ணுதான்."

ராஜசேகர் சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாரத்துக்கு முந்நூறு சர்வீஸ் கிட் கட்டி அனுப்புகிற டிபார்ட்மென்டில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

"ஷிஃப்ட் முடிஞ்சு மூணு மணிக்கு மேல நிக்கறவங்க நிக்கட்டும்" என்றார். "ஓவர்டைம் இல்லன்னு முதல்லயே சொல்லிடுங்க. எட்டு மணிக்கு ரெண்டு பஸ் நான் ஏற்பாடு பண்றேன். ஹாஸ்டல் வார்டன்கிட்டயும் நானே பேசறேன்."

இருபது பேர் நின்றால் பெரிது என்று நினைத்தேன். ஐம்பதுக்கு மேல் நின்றார்கள். அதில் பாதிப் பேர் தெற்கத்திப் பிள்ளைகள். எல்லோரும் பிரேம் கையால் தின்றவர்கள். அவர் போனபிறகு கேன்டீனில் வந்த சப்பாத்தியை எவரும் மன்னிக்கவில்லை.

"அண்ணன் திரும்பி வரணும்னா மொதல்ல அங்க ஒரு கூரை வேணும். இல்லன்னா நாம ஆயுசுக்கும் இந்தத் தோலைத்தான் மெல்லணும்" என்றாள் முத்துலட்சுமி.

நாலு மணிக்கு பிரேம் லைனில் கிடைத்தார். சிக்னல் வருகிற பாறை ஒன்று இருக்கிறதாம், அதன்மேல் ஏறி நிற்கிறார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"பிரேம், ஒரு வூட்டுக்கு ஒரு பெட்டி. உள்ள இன்னா வெக்கலாம், நீயே சொல்லு."

ஒவ்வொன்றாகச் சொன்னார். தார்ப்பாய் ஒன்று, அதைக் கட்டுமளவுக்குக் கயிறு. போர்வை இரண்டு. பெரிய குண்டான் ஒன்று, சின்னது ஒன்று, அதனதன் மூடி. சிரிக்காமல் சொன்னார். தட்டு, டம்ளர். சோப்பு. டார்ச்.

"வெயிட் எவ்ளோ இருக்கலாம்? எங்க பெட்டி முப்பது கிலோ வரைக்கும் தாங்கும்" என்றார் ராஜசேகர் சார்.

"பெட்டி தாங்கும் சார். எங்க அம்மா தாங்க மாட்டாங்க." எல்லோரும் சிரித்தோம். அவர் தொடர்ந்தார். "நெத்தியில பட்டை மாட்டி முதுகுல தூக்கிகினு ஏறுவோம். இருவது கிலோன்னா ஒரு பொம்பள தூக்கிடுவா. அதுக்கு மேல போனா ரெண்டு பேர் வரணும். நெறைய வூட்ல இப்போ ரெண்டு பேர் இல்ல சார்."

ராஜசேகர் சார் தாளில் இருபது என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"அப்புறம் அக்கா, அந்த பிளாஸ்டிக் பட்டை வேணாம். பிரிக்க முடியல. கத்தி, அரிவாள் எல்லாம் வூட்டுக்கு அடியில கீது. கல்லுல வெச்சு இடிச்சோம்."

எங்கள் மேஜை ஒவ்வொன்றிலும் ஸ்ட்ராப் கட்டர் சங்கிலியில் தொங்கும். உலகத்தில் எல்லோர் மேஜையிலும் அது தொங்கும் என்று நினைத்திருக்கிறேன். ஸ்ட்ராப் மிஷினை ஆஃப் பண்ணச் சொன்னேன். உள்ளே வைக்கிற கயிற்றையே வெளியே சுற்றினோம், கையால் இழுத்தால் அவிழ்கிற முடிச்சாக. கழனியில் கட்டுக் கட்டுவது போல. அந்த முடிச்சை ஐம்பது பேருக்கும் நான்தான் போட்டுக் காட்டினேன்.

குண்டானுக்குள் சின்னக் குண்டான். அதற்குள் டம்ளர். அதற்குள் சோப்பு. மேலே மூடி. குண்டானைச் சுற்றிப் போர்வை. மூடியின் குமிழ் உரசிக் குண்டானில் கோடு விழுந்தது. விழட்டும். முதல் நாள் திட்டு வாங்கின அதே சீர்வரிசையாக, நூற்று நாற்பது பெட்டிச் சாமானை நூற்றுப் பத்து வீட்டுப் பெட்டிகளில் அடுக்கினோம். ஒவ்வொரு பெட்டியையும் தராசில் வைத்தோம். பத்தொன்பது கிலோ காட்டியது.

முதல் பெட்டியை மூடும்போது முத்துலட்சுமி கேட்டாள்: "எக்கா, உங்க முருகன் விபூதிய ஒரு பொட்டலம் வைக்கலாமா?"

"லிஸ்ட்டுல இல்லாதது பெட்டியில போகக் கூடாதும்மா" என்றார் ராஜசேகர் சார். சொல்லிவிட்டு, "பெட்டிக்கு வெளிய என்ன இருந்தா எனக்கென்ன, நான் பாக்கல" என்று ஆபீஸுக்குள் போய்விட்டார்.

விபூதியைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று விரலால் இழுத்தேன். இந்த முறை கீறலைப் பற்றி வேண்டவில்லை. முருகா, இதைத் திறக்கிற கைக்குத் தேவையானது உள்ளே இருக்கட்டும் என்று மட்டும் வேண்டினேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். "இன்னா, இன்னிக்கு சோறு யார் ஆக்கறது?"

"நீயேதான். பருப்பு டப்பாவுல லேபிள் கீது, பாத்து எடு."

மிச்சத்தை மறுநாள் காலையில் முடித்தோம். லாரி மூன்றேகாலுக்குக் கிளம்பியது. எலுமிச்சம்பழம் வைக்க மறந்துவிட்டேன்.

போர்டில் ஒரு மூடி

பத்து நாள் போன் இல்லை. பதினோராம் நாள் பிரேமிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு வயதான அம்மா நெற்றியில் பட்டை மாட்டி, முதுகில் எங்கள் பெட்டியோடு ஒரு பாதையில் நிற்கிறார். பெட்டியில் மூன்று வெள்ளைக் கோடு தெரிந்தது. பின்னால் வரிசையாக இன்னும் பெட்டிகள், எல்லாம் ஆள் முதுகில். கீழே பிரேம் எழுதியிருந்தார்: "எல்லா வூட்டுக்கும் ஒண்ணு." அன்றைக்குக் கிருத்திகை இல்லை. இருந்தாலும் வீட்டிலிருந்து வல்லக்கோட்டைக்கு நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து பிரேம் திரும்பி வந்தார். இரண்டு அறை கட்டி, தகரம் போட்டுவிட்டு வந்தாராம். கேன்டீனில் கைதட்டல் அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. மதியம் பேக்கிங் பக்கம் வந்து, துணிப்பையிலிருந்து ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஒரு அலுமினிய மூடி. நசுங்கியிருந்தது. குமிழில் மண் காய்ந்து கிடந்தது.

"அம்மா உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க."

"எதுக்குப் பிரேம், என் மானத்த வாங்கறியா?"

"இல்லக்கா, கேளு. உன் ரெண்டாவது லாரி வர்ற வரைக்கும் எங்க ஊர் முழுக்க இதுலதான் சாப்டோம். மூடிய மல்லாக்க வெச்சா நிக்காது. குமிழ் இடிக்கும். அம்மாதான் சொன்னாங்க, ஈர மண்ணுல குமிழ அழுத்துன்னு. அழுத்தினா தட்டு மாதிரி நின்னுச்சு. வரிசையா எல்லா மூடியும் மண்ணுல நட்டு வெச்சு, எல்லாரும் சேந்து உக்காந்தோம்."

"ஐயோ."

"அப்புறம் கீழ் ஊர்க்காரங்க குண்டான எடுத்துகினு ஏறி வந்தாங்க, மூடி கேட்டு. ஒவ்வொரு மூடிக்கும் ஜோடி பாத்து அளவு பாத்து வெச்சோம். ஊரே கல்யாணம் மாதிரி சிரிச்சுது. அத்தினி நாளுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா கேட்டாங்க, பெட்டியில வெள்ளையா மூணு கோடு இன்னான்னு. கம்பெனி சீலுன்னு சொல்லிட்டேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சப்பாத்திக்கு மாவு பிசைய நேரமாகிவிட்டது என்று போனார்.

அந்த மூடியை வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை. பேக்கிங் சுவரில் ஒரு போர்டு உண்டு. தப்பாகப் போய்க் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்த பாகங்களைச் சிவப்பு டேக் கட்டி அதில் மாட்டி வைப்போம், எல்லோரும் பார்த்துத் திருந்துவதற்கு. டேக்கில் மூன்று வரி எழுத வேண்டும். ராஜசேகர் சாரிடம் கேட்டேன். தலையாட்டினார். மூடியை மாட்டி, டேக்கை நானே எழுதினேன்.

குறை: குண்டான் இல்லை.
செய்தவர்: கஸ்தூரி, லைன் லீடர்.
திருத்தம்: பெட்டியைத் திறப்பவரை முதலில் கேட்கவும்.

ஒரு வருஷம் ஆடிட் வந்தவர் அதைத் தொட்டுப் பார்த்து, "இது எந்த மாடலுக்கான பார்ட்?" என்று கேட்டார். என் உயிர் போய்விட்டது. ராஜசேகர் சார் அசையவில்லை. "வூட்டு மாடல் சார்" என்றார்.

நான் ரிடையரான அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, அந்த மூடியையும் கழற்றி என் கையில் கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன். நோட்டீஸ் போர்டில் இருந்த என் போட்டோ எப்போதோ வெளுத்துவிட்டது. இது இருக்கட்டும். குமிழில் இருக்கிற மண்ணை மட்டும் யாரும் துடைக்காதீர்கள்.